வண்டிக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பீக்கர்

பழைய பிக்கப் வண்டிக்குக் கையைக் கடிக்காத செலவில் பாட்டு செட் போடுவது எப்படி என்று எழுதித் தரும்படி பர்வீன் கேட்டாள். பர்வீன் எங்கள் முதலாளி ரஹீம் பாயின் மகள். திருப்பாதிரிப்புலியூரில் பாய் நடத்திய கார் செட் கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வண்டி வேலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "வாப்பாகூட கடைசி வரைக்கும் இருந்தது நீங்கதான் மாமா. நீங்க எழுதுங்க" என்றாள். எத்தனை பக்கம் வேண்டும் என்று கேட்டேன். "வெளம்பரத்துக்கு எடம் வுட்டுட்டு எழுதுங்க" என்றாள். பாயின் மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

வேலையை விட்டு ஓய்வாக வீட்டில் இருக்கிறேன். முட்டி வலி ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. புதிய கார்களெல்லாம் கம்பெனியிலேயே பெரிய திரையோடு வருகின்றன. ஆனால் கடலூரில் பழைய பிக்கப்புக்குப் பஞ்சமே கிடையாது. துறைமுகத்தில் மீன் ஏற்றும், புவனகிரியில் நெல் ஏற்றும், கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்றும். ஓட்டுகிறவர்கள் அதை விற்கவும் மாட்டார்கள், புதிதாக வாங்கவும் மாட்டார்கள். எப்படியும் ஒருநாள் நம் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "கொஞ்சம் பாட்டு கேக்கற மாதிரி பண்ணிக் குடுங்க" என்பார்கள்.

பிக்கப் வேலை பிடிவாதமான வேலை. கதவுத் தகரம் அப்பளம் மாதிரி மெலிசாக இருக்கும். சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட இருக்காது. இன்ஜின் சத்தம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இது போதாதென்று கடற்காற்றுத் துரு வேறு. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்துவிட்டு வந்த எனக்கு மின்சாரம் தெரியும், துருவைத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளவே முதல் சில வருடங்கள் போயின.

பாயைப் பற்றிச் சொல்லாமல் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். கடையில் கிரீஸும் கரியும் இருந்தாலும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு பட்டு நான் பார்த்ததில்லை. திட்டவே மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் வண்டிக்குள் கையை விட்டு பியூஸைப் பிடுங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் எது தப்பு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சொன்னால் பியூஸைத் திருப்பித் தருவார். சொல்லாவிட்டால் இன்னொரு டீ குடிக்கப் போவார். ஒரு தடவை நான் சாயங்காலம் வரை தவித்ததில் டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்.

அவர் கடையில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எர்த். பாடியில் பெயின்ட் இருக்கிற இடத்தில் மைனஸ் ஒயரைப் போல்ட் போட்டு இறுக்கினால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் ஏறி இறங்கும். அதனால் உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். முடுக்கிய பிறகு அதன் மேல் கிரீஸ் தடவ வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்குள் துரு திரும்ப வந்துவிடும். அடுத்தது பேட்டரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கர். டார்ச் செல் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரில் ஒயர் மாட்டுகிற இரண்டு காதிலும் தொட்டுத் தொட்டு எடுத்தால் அதன் காகிதக் கூம்பு முன்னால் குதிக்கும், அல்லது பின்னால் போகும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஒன்றின் சத்தத்தை இன்னொன்று தின்றுவிடும். இதையெல்லாம் முடித்த பிறகு கஸ்டமரை உட்காரவைத்துப் பாட்டுப் போடுவோம். இடது பக்கம் வீணை, வலது பக்கம் மிருதங்கம், நடுவில் பாடுகிறவர் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கும்போது கஸ்டமர் முகம் மலரும். அந்த மலர்ச்சிதான் எங்கள் தொழிலுக்கே பெருமை என்று நான் நினைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு முதுநகரிலிருந்து அந்தோணி வந்தான். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற பிக்கப் வைத்திருந்தான். வண்டி வாசலில் நின்றதுமே பாய் எழுந்து போய் ஊதுபத்தி கொளுத்தினார். அந்தோணி இறங்கி, "செட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றான். அவன் அப்படித்தான். கோயிலில் பார்த்தாலும் தலையை ஆட்டுவான், துக்க வீட்டில் பார்த்தாலும் தலையை ஆட்டுவான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவன் மனைவி ஜெயசீலி குச்சியை ஊன்றி இறங்கினாள். சில வருடங்களாகவே அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இப்போது வெளிச்சம், இருட்டு இரண்டும்தான் தெரியும்.

"அண்ணே, செட்டு உள்ள இவுருக்கு இல்ல. வெளிய, பின்னாடி, எனக்கு வேணும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். எங்கள் பங்கிலிருந்து ஒவ்வொரு வருடமும் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போவார்கள். மாதா சுரூபத்தையும், பைகளையும், தண்ணீர் கேன்களையும் ஏற்றிக்கொண்டு அந்தோணியின் வண்டி முன்னால் ஊர்ந்து போகும், காவி உடுத்தியவர்கள் பின்னால் நடப்பார்கள். கண் நன்றாக இருந்தவரை ஜெயசீலி ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. கண் போன பிறகு ஒரு வருடம் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அடுத்த வருடம் வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

"கைய புடிக்கறவுங்க நல்ல மனசோடதான் புடிக்கறாங்க. ஆனா நான் தண்ணி குடிக்கணும்னா அவுங்க நிக்கணும். வேர்வ தொடைக்கணும்னா அவுங்க கைய வுடணும். ஒரு கையில குச்சி, ஒரு கைய இன்னொருத்தர் வெச்சிருக்காங்க. ஜெபமால உருட்ட எனக்கு ஏது கையி? போன வருசம் அரிசி மூட்டைக்கு நடுவுல நானும் ஒரு மூட்ட மாதிரி போனேன். வேணாம்னு ஆயிடுச்சிண்ணே."

"வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கலாமே?" என்றேன்.

"அந்த ரோட்டுல எத்தினி வண்டி போவுது! பஸ்ஸு பின்னாடி போயிட்டேன்னா நேரா சீர்காழிதான். எங்க வண்டிக்குன்னு தனியா ஒரு சத்தம் வேணும். அது பின்னாடி நான் நடந்துடுவேன்."

யாத்திரைக் குழுவின் தலைவர் அரைமனதோடு ஒப்புக்கொண்டிருந்தார். சிதம்பரம் வரைக்கும் பார்ப்பது, நடை சரியாக வந்தால் மேலே நடப்பது, இல்லையென்றால் மறுபேச்சு இல்லாமல் வண்டியில் ஏறிக்கொள்வது என்று பேச்சு. அதனால் சிதம்பரம் போய்ச் சேர்கிறவரை இந்த செட் அவளை ஏமாற்றக் கூடாது. அந்தோணி கையில் இருந்த பணத்துக்குப் புதுச் சாமான் எதுவும் வராது. பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பண்ணிடு லூர்து" என்று மட்டும் சொன்னார்.

பழைய சாமான்கள் கிடந்த மூலையைக் கிளறினேன். மைக் சொருகுகிற வாயுள்ள ஒரு பிளேயர் கிடைத்தது, காய்கறி வண்டிக்காரர்கள் வாங்குகிற வகை. ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஓவல் ஸ்பீக்கர்களும் கிடைத்தன. பிளைவுட்டில் இரண்டு பெட்டி அடித்தேன். மீன் தண்ணீர் பட்டால் பிளைவுட் ஊதிப் போகும் என்பதால், துறைமுகத்தில் பைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவரிடம் பெட்டிகளைக் கொடுத்தேன். மிச்சமிருந்த பைபர் பசையைப் பூசிக் கொடுத்தார். பார்க்கக் குட்டிப் படகு இரண்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. அவற்றை வண்டியின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் பின்னால் பார்த்த மாதிரி முடுக்கினேன். எர்த் போடும் இடத்தில் துரு அடை அடையாக வந்தது, தேய்த்துத் தேய்த்தே கை ஓய்ந்தது. அந்தோணி பக்கத்திலேயே நின்றான். ஒரே ஒரு முறை, "பேஸு?" என்றான். டம் டம் என்று அடிச்சத்தம் வரும் என்றேன். தலையை ஆட்டினான்.

காலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே தேவனாம்பட்டினம் கடற்கரை ரோட்டில் ஒத்திகை பார்த்தோம். அந்தோணி வண்டியை நடை வேகத்தில் ஓட்டினான். மாதா பாட்டு கணீரென்று வந்தது. கிணற்றுக்குள் பேசுகிற குரல் இல்லை, கொசுச் சத்தம் இல்லை. எனக்கு ஒரே பெருமை. ஜெயசீலி குச்சியோடு பின்னால் நடந்தாள். பத்தடி போவதற்குள் இடது பக்கம் ஒதுங்கினாள். பிறகு வலது பக்கம் வந்தாள். அப்புறம் நின்றே விட்டாள்.

"அண்ணே, வண்டி ரெண்டா போவுது" என்றாள்.

ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும் என்று நினைத்தேன். செல்லை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காக முன்னால் குதித்தன. ஒயரில் கோளாறு இல்லை, ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. திரும்பவும் நடக்கச் சொன்னேன். திரும்பவும் அதே கதை. அந்த நேரம் பார்த்து பாய் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டிக்குள் கையை விட்டு பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

"பாட்டு ஏன் நின்னுடுச்சி?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"பாய் பியூஸை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். என்ன தப்பு என்று நான் கண்டுபிடித்தால்தான் தருவார்."

அவள் சிரித்துவிட்டாள். "நான் சொல்றேன் கேளுங்க. வயலின் வாசிக்கறவரு இந்தப் பக்கம் போறாரு. பாடற அம்மா அந்தப் பக்கம் போவுது. டோலக்கு நடுவுல எங்கியோ இருக்குது. இதுல எவுரு பின்னாடி நான் போறது?"

அது இப்படிப் பிரிந்து கேட்பதற்காகத்தான் இரண்டு ஸ்பீக்கர், அதுதான் அழகு என்று நான் அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க என் குரல் எனக்கே இறங்கிக்கொண்டு போனது. வாழ்நாள் முழுக்கப் பிரித்துக் கொடுத்தே பழகியவன் நான். உட்கார்ந்து கேட்கிறவனுக்கு அது அழகு. பின்னால் நடக்கிறவளுக்கு அது இரண்டு வண்டி. டீக்கடைக்குப் போய் பாயிடம் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைக்காமலேயே பியூஸை எடுத்து நீட்டினார்.

"ஒண்ண கழட்டு. இன்னொண்ண நடுவுல வை" என்றார்.

ஒரே ஸ்பீக்கர் என்றால் ஒரு பக்கத்து வாத்தியம்தான் வரும். அதற்கு பர்வீன் வழி செய்தாள். பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். மறுநாள் ஜெயசீலி நூல் பிடித்த மாதிரி வண்டிக்குப் பின்னால் நடந்தாள். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே பாடகியின் குரல் நடுங்க ஆரம்பித்தது. மீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும் வேகத்தில் இருந்தால்தான் அந்தக் கிழட்டு டைனமோ சார்ஜ் ஏற்றும். மனிதர் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தால் அது சும்மா சுற்றுமே தவிர ஒன்றும் தராது. ஆம்ப்ளிஃபயரோ உறிஞ்சிக்கொண்டே இருந்தது. வேறு பேட்டரி வாங்க அந்தோணியால் முடியாது.

பாய் ஜெயசீலியைப் பார்த்து, "எவ்ளோ தூரத்துல நடப்பேம்மா?" என்று கேட்டார்.

"பத்தடி, பதினஞ்சடி. அதுக்கு மேல தள்ளிப் போவ மாட்டேன் பாய்."

"ஊருக்கே கேக்கணுமா?"

"எனக்குக் கேட்டா போதும்."

"அப்ப ஆம்ப் ஜாஸ்தி லூர்து. கழட்டிடு."

கழற்றினேன். பிளேயரின் சொந்த சக்தியே அந்த ஒரு ஸ்பீக்கருக்குப் போதுமானதாக இருந்தது. நான் கழற்றி வைத்த ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் அந்தோணி மாறி மாறிப் பார்த்தான். "மச்சான், நீ வேல செய்ய செய்ய என் வண்டியில சாமான் கொறைஞ்சிகிட்டே போவுது" என்றான். அவன் வாயிலிருந்து அதுவரை நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். பர்வீன், நீ கேட்டாயே, குறைந்த செலவில் செட் போடுவது எப்படி என்று, இப்படித்தான். யார் எங்கிருந்து கேட்கப்போகிறார்கள் என்று முதலில் கேள். கடைக்குப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

யாத்திரை புறப்பட்ட அன்று காலைப் பூசை முடிந்ததும் நானும் கிளம்பினேன். முட்டி வலிக்காரன் நடக்க முடியாது. அந்தோணிக்குப் பக்கத்தில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிதம்பரம் வரை போய்விட்டு பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. ஆலப்பாக்கம் தாண்டியும் பேட்டரி இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் ஜெயசீலி தெரிந்தாள். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் ஜெபமாலை. தாகம் எடுத்தபோது தோள்பையிலிருந்து பாட்டிலை அவளே எடுத்துக் குடித்துக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கிற இடைவெளியில் அவள் நின்றுவிடுவாள். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நொடி தவிப்பாள். பின்னால் வருகிறவர்கள் மோதிக்கொள்ளாமல் விலகிப் போவார்கள். இதை நானும் யோசிக்கவில்லை, பாயும் யோசிக்கவில்லை. ஒத்திகையில் நாங்கள் பாட்டை மட்டும்தான் சோதித்துப் பார்த்திருந்தோம். குழுத் தலைவர் அதைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறினோம். பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். கடல் பக்கத்துக் காற்று வேறு. பாதிப் பாலத்தில் பாட்டு நின்றது. அடுத்த பாட்டு வரவில்லை. பிளேயர் பென் டிரைவைப் படிக்காமல் முழித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஜெயசீலி நடு வழியில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு லாரி அவளை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் தவறான பக்கம் ஓரடி வைத்தாள். குழுத் தலைவர் கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். நான் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்து மறுபடி சொருகப் பார்த்தேன்.

அந்தோணி வண்டியை நிறுத்தினான். ஜெபம் சொல்வதற்காக வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

"சீலி" என்றான்.

அவள் தலை சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது.

அப்புறம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாலத்து மேல இருக்கோம். ஒன் எடது கை பக்கம் சொவரு. லாரி போயிடுச்சி. நேரா வா" என்றான். குழுத் தலைவர் நீட்டிய கையை அவள் தொட்டு, மெதுவாக விலக்கினாள். குச்சியைத் தட்டினாள். நடந்தாள். அந்தோணி வண்டியை நகர்த்தினான்.

பேச்சை நிறுத்தினால் அவள் நின்றுவிடுவாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதனால் பேசினான். "ஆத்துல தண்ணி கம்மியாதான் ஓடுது. ரெண்டு கொக்கு நிக்குது. ஒருத்தன் வல வீசறான். ஒண்ணும் மாட்டல" என்றான்.

"மாட்டலன்னு எப்பிடித் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஜெயசீலி கத்தினாள்.

"அவன் மூஞ்ச பாத்தா தெரியலியா?" என்றான் அந்தோணி மைக்கில். கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள், நடையை விடாமல்.

அதற்குள் பென் டிரைவ் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பாட்டைப் போடட்டுமா என்று கையால் கேட்டேன். அந்தோணி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வாழைத்தார் லாரி போகிறது, பள்ளம் வருகிறது, கொஞ்சம் வலப்பக்கம் வா, பெட்ரோல் பங்கில் எவனோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான், ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஜெபம் சொல்கிற நேரம் மட்டும் மைக் வெளியே போய்வந்தது. மற்ற நேரமெல்லாம் அவன் கையில்தான். ஊரில் தலையை மட்டும் ஆட்டுகிற மனிதன் சிதம்பரம் வரை வாயை மூடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீட்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சிதம்பரத்தில் மாதா கோயில் வளாகத்தில் சாப்பிட்டு, வெயில் தாழும்வரை எல்லோரும் படுத்திருந்தார்கள். திரும்பவும் கிளம்பும் நேரத்தில் நான் என் பையை எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன். குழுத் தலைவர் அந்தக் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு ஜெயசீலியைக் கூப்பிட்டார்.

"சிதம்பரம் வந்தாச்சிம்மா. சொன்ன மாதிரி நடந்துட்ட, இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே கொள்ளிடம் பாலம், பெரிய ரோடு. நேத்திலேர்ந்து நானும் பாத்துகிட்டுதான் வரேன், எனக்கு பயமா இருக்குது. சீட்டும் காலியா இருக்குது. ஏறிக்க."

ஜெயசீலி வண்டிப் பக்கம் வந்தாள். கதவைத் தடவி, சீட்டைத் தடவிப் பார்த்தாள். தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு, பையைச் சீட்டில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். வண்டியின் தகரத்தைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போய், ஸ்பீக்கருக்கு நேராக நின்று குச்சியை ஊன்றினாள்.

"யோவ்" என்று கூப்பிட்டாள். "நீ பேசிகிட்டே போ. நான் வரேன்."